மிளகு அறையில் உப்புத்தண்ணிப் பூ

கடலைப் பார்க்க எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, இரண்டு பஸ் மாறி, அதன்பிறகும் ஒரு நாள் பயணம் போக வேண்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் உயிர் வளர்ப்பதற்குத் தொழில் என்று பெயர் வைக்கலாமா என்பது எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

வளர்ப்பது மீன்கூட இல்லை. ஜோவா. முழுப்பெயர் ஜோவாந்திட், பவளத்துக்குத் தூரத்துச் சொந்தமான கடல் பிராணி. கல்லின்மேல் சட்டைப் பொத்தான்களை நெருக்கி ஒட்டியதுபோல் கொத்தாக இருக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு குட்டித் தண்டு, ஓரத்தில் கண்ணிமை மயிர்போல ஒரு வட்டம். என்னுடையது நடுவில் பச்சை, ஓரத்தில் ஆரஞ்சு. வெளிச்சம் வந்தால் விரியும். நிழல் விழுந்தால், தண்ணீர் பிடிக்காவிட்டால், பக்கத்தில் யாராவது தும்மினால், சில நாள் எந்தக் காரணமும் சொல்லாமல், மூடிக்கொள்ளும்.

வீட்டில் தொட்டி வைத்திருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அது விரிந்திருக்கும்போது ஒரு விருந்தாளியும் வரமாட்டார்; விருந்தாளி வரும்போது அது விரிந்திருக்காது. இந்தக் கஷ்டத்தை அனுபவித்தவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

மடியில் வந்த கடல்

நான் பி.எஸ்சி. விலங்கியல். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். படிப்பு முடிந்து, அரசுத் தேர்வு எழுதிவிட்டு, முடிவு வரும்வரை சும்மா இருக்கக்கூடாதென்று சேலத்தில் தொட்டி மீன் விற்கும் ஒரு கடையில் எட்டு மாதம் வேலை பார்த்தேன். கோடையில் தண்ணீரைக் குளிர வைத்தே கரண்டு பில் ஏறுகிறதென்று கடைக்காரர் உப்புத்தண்ணீர்ப் பிரிவை மூடினார். மூடும்போது மூன்றடித் தொட்டி ஒன்றையும், அவர் தொட்டியிலேயே வளர்ந்த ஜோவாக் கல் ஒன்றையும் எனக்குக் கொடுத்தார். மலையில் குளிர வைக்கும் மெஷினே தேவைப்படாது என்றார். இது கடலில் பிடுங்கியதல்ல, தொட்டியில் வளர்ந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். நான் அப்படித்தான். பஸ் டிக்கெட்டைக்கூட வீடு போய்ச் சேரும்வரை எறியமாட்டேன்.

பலாப்பழம் ஏற்றுவதற்காக வெறும் வண்டியாக மலைக்குக் கிளம்பிய லாரியில் தொட்டியைப் போர்வையில் சுற்றி ஏற்றினோம். கல் மட்டும் உப்புத்தண்ணீர் வாளியில், முன் சீட்டில், என் மடியில். முதல் வளைவிலேயே வாளி தளும்பியது. அதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு, என் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தேன். டிரைவர் நல்ல மனிதர், வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊர் முக்கில் இறங்கி, சுடிதாரைப் பிழிந்துகொண்டு நன்றி சொன்னபோதுதான் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, எழுபது வளைவுலயும் நான் மிதிச்ச பிரேக்கைவிட நீங்க மிதிச்சதுதானுங்க அதிகம். அடுத்த வாட்டி வண்டியை நீங்களே ஓட்டீருங்க, நான் வாளியைப் புடிச்சுக்கறேன்."

பாதி அறை

எங்கள் வீட்டில் மூன்று அறை. ஒன்றில் சமையல், ஒன்றில் நாங்கள், மூன்றாவது மிளகுக்கு. மிளகு வராத மாதங்களில் அதில் மண்வெட்டி, ஏணி, சாக்கு, நான் பட்டம் வாங்கிய போட்டோ எல்லாம் இருக்கும். அந்தப் போட்டோவுக்குக் கீழே தொட்டியை வைத்தேன். அப்பா இரண்டு நாள் வந்து வந்து பார்த்தார். மூன்றாம் நாள் விசாரணையைத் தொடங்கினார். வேர் எது, இலை எது என்றார். இரண்டும் கிடையாது, இது ஒரு பிராணி என்றேன். அப்படியானால் வாய் எங்கே என்றார். பொத்தானின் நடுவில் இருக்கும் கீறலைக் காட்டினேன். ஒன்று எப்படி ரெண்டாகும் என்றார். ஒரு துண்டு வெட்டி வேறு கல்லில் ஒட்டினால் அது தனியாகப் பெருகும் என்றேன். அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. அப்படியென்றால் இது மரவள்ளிக் குச்சி என்று முடிவு செய்துவிட்டார். நான் படித்த பாடத்தில் ஜோவாவுக்கு அப்படியொரு சொந்தம் இல்லை. இருந்தாலும் அறை அவருடையது என்பதால் மறுக்கவில்லை.

மரவள்ளி என்றால் அதன் சட்டமும் இதற்குப் பொருந்தும். வெட்டி நட்ட குச்சி துளிர்த்தால் பயிர், துளிர்க்காவிட்டால் விறகு. மாசியில் மிளகு இறங்கும். அதற்குள் இந்தப் பூவில் ஒரே ஒரு குச்சியாவது துளிர்த்துக் காட்ட வேண்டும். காட்டினால் பாதி அறை எனக்கு, இல்லாவிட்டால் தொட்டியைக் காலி பண்ணிவிட வேண்டும் என்றார் அப்பா. நான் ஒப்புக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கட்சி இருந்தது அப்போது எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் அம்மா தொட்டியின் நீளத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

"தண்ணியை ஊத்திப்போட்டு மேல வலை கட்டினா நாப்பது கோழிக்குஞ்சு நிக்கும். பாம்பும் ஏறாது."

மூன்று வேளைப் பரீட்சை

ரோஸ்லின் டீச்சர் தூத்துக்குடிப் பக்கம், கடற்கரை ஊர்க்காரர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை, இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். கடலைப் பார்த்து வளர்ந்த ஒருவர் என் தொட்டியைப் பார்க்க வருகிறார் என்றதும் எனக்கு வைவா பரீட்சைக்குப் போகிற மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியை நாலு தடவை துடைத்தேன். அவர் வந்து நின்றார், குனிந்தார், தண்ணீரில் விரலை விட்டு முகர்ந்தார். உப்பு வாசனை இருக்கிறது, ஆனால் கடல் வாசனை இல்லை என்றார். அவர்கள் ஊர்க் கடலில் மீன் கழிவு, பாசி, செத்தது, அழுகினது எல்லாம் கிடக்குமாம். இது மருந்துக் கடை மாதிரி இருக்கிறதாம்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு என் நோட்டைக் காட்டினேன். காலை, மதியம், சாயந்திரம் மூன்று வேளையும் தண்ணீரின் சூடு, உப்பு, காரத்தன்மை, நைட்ரேட் எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருப்பேன். நைட்ரேட் என்பது தண்ணீரில் இருக்கும் அழுக்கின் அளவு. அது கொஞ்சம் ஏறினால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். டீச்சர் விடைத்தாள் திருத்துகிறவர்போல் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கடைசிப் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு மூணு பரீட்சை வெச்சா எந்தப் பிள்ளையும் வளராதும்மா, பயந்துதான் போகும். கடலும் பிள்ளதான்."

பதினோரு விதிகள்

புரட்டாசியில் கல் நிறையப் பொத்தான். தொட்டியின் நடு உயரம், நடுத்தர வெளிச்சம், ஓரத்து மயிர் லேசாக அசைகிற அளவுக்கு ஓட்டம், நாளுக்கு நாள் மாறாத உப்பு. அது கேட்பது இவ்வளவுதான். பொத்தான்களை எண்ணினேன், நாற்பத்தொன்று. வெட்டலாம் என்று துணியவே எனக்குப் பத்து நாள் ஆனது.

என் பயங்களில் நியாயமானது இது ஒன்றுதான், இதை மட்டும் சிரிக்காமல் கேளுங்கள். ஜோவாவின் உடம்பில் கடுமையான விஷம் இருக்கும். வெறும் கையால் நறுக்கக்கூடாது. சாறு கண்ணில் தெறிக்கக்கூடாது. கல்லை வெந்நீரில் போடவே கூடாது; அந்த ஆவி ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். எங்கள் வீட்டிலோ மிளகு முதல் பால் செம்பு வரை எதைக் கண்டாலும் வெந்நீரில் முக்கி எடுப்பது அம்மாவின் வழக்கம். ஆகவே கதவில் பதினோரு விதிகள் எழுதி ஒட்டினேன். அதில் ஏழு வெந்நீரைப் பற்றியவை. பிறகு மழைக்கோட்டு, பட்டறைக் கண்ணாடி, இரட்டைக் கையுறை, முகக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, நாயைக் கட்டச் சொல்லி, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு உள்ளே போனேன்.

வெளியே அனுப்பின அப்பா ஜன்னலுக்கு வந்துவிட்டார். குச்சிக்கு எத்தனை கணு விடவேண்டும், கத்தி எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். வெட்டினதை நாலு நாள் நிழலில் வைக்கச் சொன்னார். அது நான் படித்த குறிப்பிலும் அப்படியே இருந்ததால் எனக்கு எரிச்சல் கூடியது. துண்டுக்கு ஐந்து பொத்தான் வீதம் ஆறு துண்டு வெட்டி, சின்னச் சின்னக் கல்லில் பசை வைத்து ஒட்டி முடிப்பதற்குள் கோட்டுக்குள்ளேயே குளித்துவிட்டேன். வாசலில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் பதறிப்போய், பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். அம்மா வேலையை நிறுத்தாமலே சொன்ன பதில் உள்ளே எனக்குக் கேட்டது.

"ஒண்ணும் ஆகலீங்க. பாப்பா ஒரு பொத்தானைப் பிச்சுத் தெச்சுகிட்டு இருக்குது."

நடுகுச்சிக்குக் காசா?

ஆறு துண்டும் பிழைத்த மாதிரி விரிந்ததும், தொட்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் போட்டோ போட்டேன். சேலத்திலிருந்து முரளி என்பவர் ஒரு துண்டு கேட்டார். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு அருவி பார்க்க வந்தவர், அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் வாழ்க்கையில் முதல் வாடிக்கையாளர். விலையைச் சீட்டில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் நேர்மையாக இருக்க வேண்டுமே என்று, இந்தத் துண்டு எப்படியெல்லாம் சாகலாம் என்பதை அரை மணி நேரம் வரிசையாகச் சொன்னேன். அவர் மனைவி நடுவில் எழுந்து போய் அம்மாவோடு கோழி பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பிளாஸ்டிக் பை எடுக்க நான் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தால் அப்பா விலைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெட்கத்தில் நெளிந்துகொண்டிருந்தார். எங்கள் பக்கம் மரவள்ளி நடுகுச்சிக்கோ மிளகுக் கொடித் துண்டுக்கோ காசு வாங்குவதில்லை. மலையின் இன்னொரு மூலையில் இருக்கும் எடப்புளி நாட்டிலிருந்து முன்பின் தெரியாதவர் வந்து கேட்டாலும் கட்டிக் கொடுத்து அனுப்புவோம். அவர் காட்டில் அது பிழைத்தால், நம் காட்டில் இல்லாத வருஷம் ஒரு கட்டு திருப்பிக் கொண்டுவந்து தருவார். அவ்வளவுதான் அதற்கு விலை. விருந்தாளிக்கு முன்னால் பெற்ற மகள் நடுகுச்சிக்கு விலை எழுதி வைத்திருந்தது அப்பாவுக்குத் தலைகுனிவாகிவிட்டது. சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காசு வேண்டாம், பிழைத்தால் ஒரு குச்சி திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். முரளி நம்ப முடியாமல், ஒருவேளை செத்துவிட்டால் என்று இழுத்தார். எட்டு மாதம் கடையில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அப்பா அப்போது கொடுத்த உத்தரவாதத்தை இந்தத் தொழிலில் இதுவரை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

"செத்துப் போச்சுன்னா என்னுங்க தம்பி? வந்து இன்னொண்ணு எடுத்துட்டுப் போங்க."

வாய் திறக்காத கேஸ்

ஐப்பசியில் நாமக்கல் பல் டாக்டர் ஒருவர், காத்திருக்கும் அறையில் வைத்திருந்த தொட்டிக்கு இரண்டு துண்டு கேட்டார். அப்பா காட்டுக்குப் போன நேரமாகப் பார்த்து நானே தெர்மாகோல் பெட்டியில் வைத்து பஸ் ஏறினேன். பெட்டியில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். எனக்குப் பொய் வராது. பத்து உயிர் என்றேன். அதற்கு டிக்கெட் எடுக்க வேண்டுமா என்றும் நானே கேட்டுவிட்டேன். பின் சீட்டுவரை சிரித்தார்கள்.

வளைவுகளில் குலுங்கியதில் பத்தும் மூடிக்கொண்டன. டாக்டரின் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கி, உள்ளே வைத்துவிட்டு, திறக்கும் திறக்கும் என்று எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் தன் வலியை மறந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இந்தப் பெண்ணை எப்போது உள்ளே கூப்பிடுவீர்கள் என்று நர்ஸிடம் என் சார்பில் கேட்டார். டாக்டர் நடு நடுவே வந்து எட்டிப் பார்த்தார். திறக்குமா என்றார். திறக்கலாம், திறக்காமலும் போகலாம் என்று உண்மையைச் சொன்னேன். அப்படியானால் கொண்டுபோய்விடுங்கள் என்றார். சாயந்திரம் வீட்டுக்கு வந்து எங்கள் தொட்டியில் வைத்த பத்தாவது நிமிஷம் பத்துப் பொத்தானும் பல்லைக் காட்டுகிற மாதிரி விரிந்து நின்றன. ஆத்திரத்தில் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். அவர் அனுப்பிய பதில் இன்னும் என் போனில் இருக்கிறது.

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனா வாய் திறக்காத கேஸை நான் எடுக்கறதில்ல."

சைபர்

போன இரண்டும் திரும்பி வந்த அவமானத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. தண்ணீர் இன்னும் சுத்தமாக வேண்டும். மூன்று வேளைப் பரீட்சையை ஐந்தாக்கினேன். வாரம் ஒரு முறை மாற்றிய தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றினேன். மார்கழிக் குளிருக்குச் சூடு கம்பி போட்டேன், அதுவரை சரிதான். ஆனால் கண்ணாடியில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தால் சோறு இறங்காது. மீன் விட்டால் அழுக்காகும் என்று ஒரு மீன்கூட விடவில்லை. கடைசியில் ஒரு நாள் நைட்ரேட் சைபர் காட்டியது. நூற்றுக்கு நூறு வாங்கினவள்போல் சிவப்பு மையால் எழுதி, இரண்டு கோடு போட்டேன்.

அந்த வாரமே பொத்தான்கள் சின்னதாக ஆரம்பித்தன. சின்னதாக ஆக நான் இன்னும் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அவை ஈரச் சோப்பு கரைவதுபோல் கரைந்தன. வெட்டின துண்டுகள் ஐந்தும் முதலில் போயின, பிறகு தாய்க்கல். வெளியே கொடியில் மிளகு ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே வந்தது. அதைப் பார்க்காமலிருக்க நான் பின்வாசல் வழியாகப் போய் வந்தேன். தை முடிவதற்குள் தொட்டியில் மொட்டைக் கல்தான் மிஞ்சியது. குழுவில் அழாத குறையாக எழுதினேன். இவை அழுக்கைத் தின்று வாழ்கிறவை, சைபர் என்றால் பட்டினி என்று ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சேலம் கடையில் இருந்தபோது நானே என் பழைய நோட்டில் எழுதி வைத்திருந்த விஷயம் அது. கடைத் தொட்டியில் ஒரு நாளும் சைபர் காட்டியதில்லை.

முரளியிடம் ஒன்று இருக்குமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் குழுவில் அவர் ஒரு போட்டோ போட்டதில்லை. அவருடையதும் செத்திருந்தால், அப்பாவின் உத்தரவாதப்படி இன்னொன்று கேட்பார். கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? அந்தப் பயத்தில், அவர் இரண்டு தடவை கூப்பிட்டபோதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மொட்டைக் கல்லையும், சிவப்புக் கோடு போட்ட பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்த ரோஸ்லின் டீச்சர் ஆறுதலாக என் தோளில் கை வைத்தார்.

"இருவது வருசமா பாடம் நடத்துதேன். சைபர் வாங்கிட்டு இவ்வளவு சந்தோசப்பட்ட பிள்ளைய இப்பத்தான் பாக்கேன்."

மிளகு இறங்கியது

மாசி பிறந்து, காய்ந்த மிளகு எட்டு மூட்டையாக வாசலில் வந்து நின்றது. அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூட்டைகளை அறைக் கதவுக்கு நேராக அடுக்கிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தார். கேட்டிருந்தால் தேவலை. அம்மா கோழி வலை வாங்கி வைத்திருந்தாள். பதினைந்து நாளாகத் துக்கத்தில் நான் தொட்டியைத் தொடவே இல்லை. கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. கையுறை போட்டுச் செத்த கல்லை எடுத்துப் பையில் கட்டினேன். விளக்கைக் கழற்றினேன். பம்பை நிறுத்தக் கை நீட்டிய நேரத்தில் வாசலில் பைக் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் முரளி. பின்னால் அவர் மனைவி, மடியில் ஒரு வாளி, முழங்கால்வரை நனைந்த புடவை, முகத்தில் எழுபது வளைவின் கோபம்.

செத்துப்போனதைக் கையோடு கொண்டுவந்து காட்டி வேறு வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான் மிளகு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வேறு வழியில்லாமல் எழுந்து போனேன். முரளி வாளியின் மூடியை எடுத்தார். உள்ளே உள்ளங்கை அகலக் கல்லில், பச்சையும் ஆரஞ்சுமாக, இடமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, முப்பத்திரண்டு பொத்தான். இரண்டு முறை எண்ணினேன். மூடிக்கொண்டிருந்தாலும் கொழுத்திருந்தன. இது வெட்டிக் கொண்டுவந்த பாதிதான், மீதி அவர் வீட்டில் இருக்கிறதாம். அப்பா சொன்ன சொல்லுக்காகத் திருப்பித் தர வந்தாராம்; போன் எடுக்காததால் நேரிலேயே வந்துவிட்டாராம். எப்படி வளர்த்தீர்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினீர்கள் என்று நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டேன். அவர் கூச்சத்தோடு மனைவியைப் பார்த்தார். ஆபீசில் வேலை அதிகம், கடைசியாக எப்போது மாற்றினார் என்று நினைவில்லை, இரண்டு மீனுக்கும் தீனியைக் கொஞ்சம் அதிகமாகவே கொட்டிவிடுவார், வேறொன்றும் செய்யவில்லை என்றார். வேறொன்றும் என்றால் வீட்டு வேலையும் சேர்த்துத்தான் என்று அவர் மனைவி திருத்தினார்.

அப்பா வாளியைக் குனிந்து பார்த்து, குச்சி துளிர்த்திருக்கிறது, பாதி அறை உனக்கு என்றார். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. இது என் தொட்டியில் துளிர்க்கவில்லை, அதனால் ஒப்பந்தத்தில் சேராது, நானாகத் துளிர்க்க வைத்தது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அம்மா வலையை எடுத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, நிதானமாக ஒரு மூட்டையைத் தூக்கி அறையின் இடது பக்கச் சுவரோரம் வைத்தார்.

"குச்சி நம்முளுது கண்ணு. அது எவன் காட்டுல துளிர்த்தா என்ன?"

எட்டு மூட்டையும் இடது பக்கமே அடங்கின. விளக்கை மறுபடி மாட்டினேன். இப்போதாவது ஒழுங்காகச் செய்வோம் என்று, பாசி பிடித்த கண்ணாடியைத் துடைக்கப் பஞ்சை எடுத்தேன். முரளி என் கையிலிருந்து பஞ்சை மெதுவாக வாங்கி, ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டு, தொட்டியை இப்படியும் அப்படியும் பார்த்து மனம் நிறைந்து சொன்னார்.

"தொடாதீங்க. இப்பத்தானுங்க எங்க ஊட்டுத் தொட்டியாட்டம் இருக்குது."

என்னோடு கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்பவர்களே, ஜோவாவை வெற்றிகரமாக வளர்க்க நான் கண்டுபிடித்த ஒரே வழி, பாதியை எப்போதும் ஒரு நல்ல சோம்பேறியிடம் இலவசமாகக் கொடுத்து வைத்திருப்பதுதான்.